வேறு இன்ஜெக்டர் போட்டால் ஈசியூவைத் திறக்க வேண்டுமா? ஐந்து வழிகளின் ஒப்பீடு

கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டைப் பக்கத்து வீடுகளில் எஸ்டீம், லான்சர், முதல் தலைமுறை சிட்டி போன்ற கார்கள் இன்னும் பத்திரமாக நிற்கின்றன. வீட்டுக்காரர்கள் பாதிப் பேர் மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். மலேசியாவில் ஜப்பான் கார்களின் முன்பாதியை வெட்டி அப்படியே விற்கும் ‘ஹாஃப் கட்’ கடைகள் நிறைய உண்டு. ஊருக்கு வரும்போது அங்கிருந்து நாலு இன்ஜெக்டரை (இன்ஜினுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சும் வால்வு) வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அப்புறம்தான் கேள்வி வருகிறது: “அண்ணே, இது ரெண்டு ஓம் காட்டுது, பழசு பதினாலு ஓம். ஈசியூவைத் திறந்து டிரைவரை மாத்திட்டா ஓடுமா?”

ஈசியூ என்பது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி, டிரைவர் என்பது அதற்குள் இருந்து இன்ஜெக்டரை இயக்கும் டிரான்சிஸ்டர். மாற்றினால் ஓடும். ஆனால் பெரும்பாலான கார்களுக்கு அது தேவையில்லாத வேலை. முடிவை இன்ஜெக்டரிலிருந்து தொடங்க வேண்டும், கணினியிலிருந்து அல்ல. ஈசியூவைத் திறப்பது கடைசி வழி. அதற்கு முன்னால் இருக்கும் வழிகளையும் சேர்த்து எடை போட்டுப் பார்ப்போம்.

## முதலில் சிக்கல் என்ன என்று பார்ப்போம்

இன்ஜெக்டருக்குள் ஊசியைத் தூக்கித் திறக்கும் ஒரு காந்தச் சுருள் இருக்கிறது. ஒரு முனைக்கு எப்போதும் 12 வோல்ட் வரும், மறுமுனையை ஈசியூ தரையோடு இணைத்தால் ஊசி திறக்கும். இணைத்து விடும் வேலையைச் செய்வது ஈசியூவுக்குள் இருக்கும் டிரைவர் டிரான்சிஸ்டர்.

சுருள் இரண்டு வகை. 12 முதல் 16 ஓம் வரை இருப்பது உயர் மின்தடை வகை. ஓடும் வண்டியில் மின்சாரம் 14 வோல்ட் என்றால், 14 ஓம் சுருளில் 1 ஆம்பியர்தான் ஓடும். டிரைவருக்குச் சிரமமே இல்லை. 2 முதல் 3 ஓம் வரை இருப்பது குறைந்த மின்தடை வகை. 2.5 ஓம் சுருளை நேராக இணைத்தால் 5.6 ஆம்பியர். 1 ஆம்பியருக்குச் செய்த டிரைவர் அதைத் தாங்காது. பழைய எம்பிஎஃப்ஐ (சிலிண்டருக்கு ஒரு இன்ஜெக்டர் உள்ள) கார்கள் சிலவற்றில் ஒரே டிரைவர் இரண்டு இன்ஜெக்டர்களைச் சேர்த்து இயக்கும். அங்கே 11 ஆம்பியர் கேட்கும். டிரைவர் எரிந்துபோகும். சில சமயம் ஷார்ட் ஆகி நின்றுவிட்டால் இன்ஜெக்டர் மூடாமல் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும். சிலிண்டருக்குள் பெட்ரோல் தேங்கினால் கனெக்டிங் ராடு வளைகிற அளவுக்கு விஷயம் போகும்.

குறைந்த மின்தடை இன்ஜெக்டர்களை இயக்கச் சரியான முறைக்குப் பீக் அண்ட் ஹோல்டு என்று பெயர். முதலில் 4 ஆம்பியர் கொடுத்து ஊசியைச் சட்டென்று திறப்பது, திறந்ததும் 1 ஆம்பியருக்குக் குறைத்துப் பிடித்து வைத்திருப்பது. கனமான ஊசியைத் திறக்கத்தான் பலம் வேண்டும், பிடித்து வைக்க அவ்வளவு வேண்டாம்.

## எதை வைத்து எடை போடுவது?

நான் ஆறு விஷயங்களைப் பார்ப்பேன்: டிரைவரின் பாதுகாப்பு, ஐடிலில் (வண்டி நிற்கும்போது இன்ஜின் மெதுவாக ஓடும் நிலையில்) ஒழுங்கு, வெப்பம் எங்கே சேர்கிறது, பழையபடி மாற்ற முடியுமா, காரைக்குடியிலேயே பழுது பார்க்க ஆள் கிடைக்குமா, கடைசியாகச் சட்டம்.

இவற்றில் ஐடிலைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஈசியூ கட்டளை கொடுத்ததும் ஊசி உடனே திறக்காது. ஏறக்குறைய 1 மில்லி விநாடி தாமதம் உண்டு. பேட்டரி வோல்டேஜ் இறங்க இறங்க அந்தத் தாமதம் கூடும். இதை டெட் டைம் என்பார்கள். ஈசியூவுக்குள் எந்த வோல்டேஜுக்கு எவ்வளவு தாமதம் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அது பழைய இன்ஜெக்டருக்காக எழுதப்பட்ட பட்டியல்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 200 சிசி பாய்ச்சும் இன்ஜெக்டர் ஐடிலில் 2.5 மில்லி விநாடி திறக்கிறது என்றால், டெட் டைம் போக உண்மையில் பெட்ரோல் பாய்வது 1.5 மில்லி விநாடி. அதே இடத்தில் 450 சிசி போட்டால் 0.67 மில்லி விநாடி போதும். இப்போது டெட் டைம் கணக்கு 0.2 மில்லி விநாடி பிசகினால், பழைய இன்ஜெக்டரில் பெட்ரோல் 13 சதவீதம்தான் மாறும். புதியதில் 30 சதவீதம் மாறும். ஏசியும் ஹெட்லைட்டும் ஒன்றாக ஓடி வோல்டேஜ் இறங்கும்போது வண்டி உதறுவது இதனால்தான். மெக்கானிக் ஸ்பார்க் பிளக்கை மாற்றிப் பார்ப்பார், த்ராட்டில் பாடியைக் கழுவிப் பார்ப்பார், தீராது.

வெப்பமும் நம்மூருக்கு முக்கியம். சித்திரை வெயிலில் 40 டிகிரியைத் தொடும் ஊரில், மூடிய போனட்டுக்குள் எதை வைத்தாலும் அதன் தாங்கும் சக்தியைப் பாதியாகக் கணக்கிடுவது நல்லது.

சட்டத்தைப் பற்றி ஒரே வார்த்தை: மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சாலையில் ஓட்டும் வண்டி என்றால், திறனைக் கூட்டும் எந்த மாற்றமும் இன்சூரன்ஸ் கேட்கும் நேரத்தில் உங்களுக்கு எதிராக வந்து நிற்கலாம். பந்தயப் பாதைக்கென்று தனியாக வைத்திருக்கும் வண்டிக்குக் கணக்கு வேறு.

## வழி 1: அதே மின்தடை உள்ள இன்ஜெக்டரைத் தேடுவது

என் முதல் ஓட்டு எப்போதும் இதற்குத்தான். 12 ஓமுக்கு மேல் உள்ள இன்ஜெக்டர்கள் இன்று எல்லா அளவிலும் கிடைக்கின்றன. பெரிய இன்ஜெக்டர் என்றால் குறைந்த மின்தடைதான் என்பது தொண்ணூறுகளின் நிலைமை. அந்தக் காலத்தில் பெரிய ஊசியை மெல்லிய மின்னோட்டத்தால் வேகமாகத் திறக்க முடியவில்லை. இப்போது ஊசியும் சுருளும் இலேசாகிவிட்டன. பெரிய அளவிலும் உயர் மின்தடை வகை ஒழுங்காக வேலை செய்கிறது.

முதலில் எவ்வளவு வேண்டும் என்று கணக்கிடுங்கள். டர்போ இல்லாத 100 குதிரைத்திறன் நாலு சிலிண்டர் இன்ஜினுக்கு, 85 சதவீத டூட்டி சைக்கிளில் (மொத்த நேரத்தில் இன்ஜெக்டர் திறந்திருக்கும் பங்கு), இன்ஜெக்டர் ஒன்றுக்கு ஏறக்குறைய 150 சிசி போதும். டர்போ என்றால் 180. ஹாஃப் கட்டில் வந்த மிட்சுபிஷி 4ஜி63 டர்போ இன்ஜெக்டர் 450 சிசி. ஒன்றரை லிட்டர் லான்சருக்கு அது மூன்று மடங்கு. சும்மா கிடைத்தது என்பதற்காக அதைப் போட வேண்டியதில்லை.

ஈ20 பெட்ரோலுக்காக (20 சதவீதம் எத்தனால் கலந்தது) இன்ஜெக்டரை மாற்ற நினைப்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்கிறேன். எத்தனால் கலக்காத பெட்ரோலுக்குக் காற்று-எரிபொருள் விகிதம் 14.7, ஈ20க்கு 13.5 பக்கம். ஆக எரிபொருள் ஏறக்குறைய 8 சதவீதம் கூடுதலாக வேண்டும். ஆக்சிஜன் சென்சார் உள்ள வண்டியில் ஈசியூ தானே சரிக்கட்டிக்கொள்ளும். சென்சார் இல்லாத வண்டியில் பெட்ரோல் அழுத்தத்தை 3 பாரிலிருந்து 3.5 பாருக்கு ஏற்றினால் போதும். அழுத்த விகிதத்தின் வர்க்க மூலம்தான் பாய்ச்சல், அது சரியாக 8 சதவீதம் வருகிறது. இன்ஜெக்டரும் வேண்டாம், ஈசியூவும் வேண்டாம். அந்தப் பணத்தைப் பழைய ரப்பர் ஹோஸ்களையும் ஓ-ரிங்குகளையும் மாற்றச் செலவிடுங்கள். எத்தனால் முதலில் பதம் பார்ப்பது அவற்றைத்தான்.

மறைந்திருக்கும் செலவு: கனெக்டர் வேறு வடிவமாக இருக்கலாம், இன்ஜெக்டரின் உயரமும் ஓ-ரிங் விட்டமும் பெட்ரோல் ரெயிலுக்குப் பொருந்தாமல் போகலாம். பாய்ச்சல் அளவு மாறினால் ஈசியூவுக்குள் இருக்கும் எரிபொருள் அளவுப் பட்டியலைத் திருத்த வேண்டும். டெட் டைம் பட்டியல் கொடுக்கும் தயாரிப்பாளரின் இன்ஜெக்டரையே வாங்குங்கள். இரண்டாயிரம் ரூபாய் மிச்சம் என்று பட்டியல் இல்லாததை வாங்கினால், அந்தப் பணம் டியூனிங்கில் போய்விடும்.

## வழி 2: தொடரில் ரெசிஸ்டர்

2.5 ஓம் இன்ஜெக்டருக்கு முன்னால் 6.8 ஓம் ரெசிஸ்டரைத் தொடராகப் போட்டால் மொத்தம் 9.3 ஓம். மின்னோட்டம் 1.5 ஆம்பியருக்கு இறங்கிவிடும். தொண்ணூறுகளில் ஹோண்டாவும் மிட்சுபிஷியும் தங்கள் சில இன்ஜின்களில் தொழிற்சாலையிலேயே இப்படி ரெசிஸ்டர் பேக் வைத்துத்தான் அனுப்பினார்கள். மலேசியாவிலிருந்து இன்ஜெக்டரைக் கொண்டு வருபவர், அந்தக் காரின் போனட்டுக்குள் இருந்த அலுமினியப் பெட்டியையும் சேர்த்துக் கேட்டு வாங்கியிருந்தால் வேலை பாதி முடிந்தது.

ரெசிஸ்டரில் ஓடும் சக்தி, இன்ஜெக்டர் முழு நேரமும் திறந்திருந்தால், ஒன்றுக்கு 15 வாட். அதனால் 25 வாட்டுக்குக் குறைந்ததைப் போடாதீர்கள், 50 வாட் அலுமினிய உடல் ரெசிஸ்டர் என்றால் கவலையே இல்லை. கிரில்லுக்குப் பின்னால் காற்று படும் இடத்தில், உலோகத் தகட்டில் திருகி வையுங்கள். வயரிங் ஹார்னஸ் மேல் படக் கூடாது. இன்ஜெக்டர் ஒன்றுக்கு ஒரு ரெசிஸ்டர். நாலுக்கும் சேர்த்து ஒன்றே என்று சுருக்கினால், இரண்டு இன்ஜெக்டர் ஒரே நேரத்தில் திறக்கும்போது இரண்டுமே பட்டினி கிடக்கும்.

குறை என்னவென்றால் ஊசி மெதுவாகத் திறக்கும். 4 ஆம்பியருக்குச் செய்த சுருளுக்கு 1.5 ஆம்பியர்தான் கிடைக்கிறது. டெட் டைம் கூடும், வோல்டேஜ் இறங்கும்போது இன்னும் கூடும். மேலே போட்ட ஐடில் கணக்கு இங்கே முழு வேகத்தில் கடிக்கும். இன்னொன்றும் பாருங்கள்: 1.5 ஆம்பியரையும் உங்கள் ஈசியூ டிரைவர் தாங்க வேண்டும். ஒரே டிரைவர் இரண்டு இன்ஜெக்டரை இயக்கும் வண்டி என்றால் அது 3 ஆம்பியர். அங்கே இந்த வழி சரிப்படாது.

## வழி 3: ஈசியூவுக்குள்ளே டிரைவரை மாற்றுவது

எல்லோரும் கேட்பது இதைத்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

செய்ய வேண்டியது இது. ஈசியூ பெட்டியைத் திறந்து, இன்ஜெக்டர் பின்னிலிருந்து தடத்தைப் பின்தொடர்ந்து டிரைவரைக் கண்டுபிடிக்க வேண்டும். அதன் கட்டுப்பாட்டு முனைக்கு (பேஸ் அல்லது கேட்) வரும் சிக்னலை எடுத்து, ஒரு சிறிய துணைப் பலகையில் உள்ள பீக் அண்ட் ஹோல்டு சுற்றுக்குக் கொடுக்க வேண்டும். எல்எம்1949 என்ற பழைய கட்டுப்பாட்டுச் சிப் இதற்கென்றே செய்யப்பட்டது. 0.1 ஓம் உணர் ரெசிஸ்டருடன் 4 ஆம்பியரில் திறந்து 1 ஆம்பியரில் பிடிக்கும். வெளியே ஒரு பவர் டிரான்சிஸ்டரும், இன்ஜெக்டரை அணைக்கும்போது எழும் உயர் வோல்டேஜை அடக்க ஒரு ஜீனர் டயோடும் வேண்டும். அந்த இடத்தில் சாதாரண டயோடைப் போட்டுவிட்டால், சுருளின் மின்னோட்டம் மெதுவாகத் தேய்ந்து ஊசி தாமதமாக மூடும், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பெட்ரோல் கூடுதலாகப் போகும்.

இனி வெப்பக் கணக்கு. பிடித்து வைக்கும் நிலையில் 1 ஆம்பியர் ஓடும்போது, 14 வோல்ட்டில் இன்ஜெக்டர் எடுப்பது 2.5 வோல்ட்தான். மீதி 11 வோல்ட்டுக்கு மேல் டிரான்சிஸ்டரின் தலையில் விழும். அதாவது இன்ஜெக்டர் ஒன்றுக்கு 11 வாட். பந்தயப் பாதையில் 80 சதவீத டூட்டியில் நாலு இன்ஜெக்டருக்கும் சேர்த்து 35 வாட் சூடு, கையடக்கமான மூடிய பெட்டிக்குள். ரெசிஸ்டர் வழியில் சூடு வெளியே கிரில்லுக்குப் பின்னால் போகிறது. இங்கே பிராசஸருக்குப் பக்கத்தில் தங்குகிறது. சாலையில் 3000 சுற்றில் போகும்போது டூட்டி 12 சதவீதம் பக்கம்தான் இருக்கும், அப்போது மொத்தம் 5 வாட், தாங்கும். காரைக்குடியிலிருந்து திருச்சிக்குப் போய்வர மட்டும் என்றால் இந்தச் சூடு கொல்லாது. செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் சுற்றுக்குச் சுற்று முழு த்ராட்டில் அழுத்துபவருக்கு டிரான்சிஸ்டரைப் பெட்டிச் சுவரோடு மைக்கா தாளும் பேஸ்ட்டும் வைத்துத் திருகினால்தான் பிழைக்கும். பிடிக்கும் மின்னோட்டத்தை விட்டு விட்டுக் கொடுக்கும் சுற்று இந்தச் சூட்டைத் தவிர்க்கும். ஆனால் அதன் இரைச்சல் பக்கத்தில் ஓடும் கிராங்க் சென்சார் சிக்னலில் கலக்கலாம்.

மறைந்த ஆபத்து தரையிணைப்பில் இருக்கிறது. 4 ஆம்பியர் துடிப்புகள் சென்சார்களுக்கும் பொதுவான தரைத் தடம் வழியாகத் திரும்பினால், தரையின் வோல்டேஜே ஆடும். கூலன்ட் சென்சாரும் இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரும் பொய் சொல்லத் தொடங்கும். துணைப் பலகைக்குத் தடித்த வயரில் இன்ஜின் பிளாக்குக்குத் தனித் தரை கொடுத்தே ஆக வேண்டும். சில ஈசியூக்கள் இன்ஜெக்டர் சுற்றைக் கண்காணித்துக்கொண்டே இருக்கும். பழைய டிரைவர் சிப்பிலிருந்து வரும் பிழைச் செய்தி நின்றுவிட்டால் செக் இன்ஜின் விளக்கு எரியும்.

மேலும் வன்பொருளை மாற்றுவது பாதி வேலைதான். உள்ளே இருக்கும் டெட் டைம் பட்டியலையும் இன்ஜெக்டர் அளவையும் திருத்தாவிட்டால் மேலே சொன்ன ஐடில் தொல்லை அப்படியே இருக்கும். சிப்பைக் கழற்றி எழுதக்கூடிய பழைய ஈசியூவில் அது நடக்கும், பூட்டு போட்ட புதிய ஈசியூவில் நடக்காது.

ஆள் பற்றி என் அனுபவத்தில் சொல்வேன்: இதற்கு கார் மெக்கானிக்கைவிட இன்வெர்ட்டர் சர்வீஸ் செய்பவர் பொருத்தமானவர். பவர் டிரான்சிஸ்டர், ஹீட் சிங்க், தடித்த தரை வயர் எல்லாம் அவருக்குத் தினசரிப் பழக்கம். உள்ளே பலகைமேல் பூசியிருக்கும் பாதுகாப்புப் பூச்சைச் சுரண்டாமல் கரைத்து எடுக்கத் தெரிந்தவரா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், இருக்கிற ஒரே ஈசியூவில் கை வைக்காதீர்கள். பழைய சாமான் கடையில் அதே பாக எண்ணுள்ள இன்னொன்றை வாங்கி, அதில் செய்யுங்கள். அந்த விலையையும் செலவுக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

## வழி 4: வெளியே ஒரு டிரைவர் பெட்டி

வழி 3-இன் அதே சுற்று, ஈசியூவுக்கு வெளியே தனிப் பெட்டியில். ஈசியூவின் இன்ஜெக்டர் வெளியீடு ஒரு சிக்னலாக மட்டும் பெட்டிக்குள் போகும், கனமான மின்னோட்டத்தைப் பெட்டியே கையாளும். சூடு வெளியே, தரை தனியே, ஈசியூ தொடப்படாமல் இருக்கிறது. கனெக்டரைக் கழற்றினால் வண்டி பழையபடி.

குறைந்த மின்தடை இன்ஜெக்டரை எப்படியும் போட்டே தீர வேண்டும் என்பவருக்கு, வழி 3-ஐ விட இதையே பரிந்துரைப்பேன். ஈசியூ வெளியீடு வெறும் தரை இணைப்புதான் என்பதால், சிக்னல் வயரை 12 வோல்ட்டோடு இணைக்கும் ஒரு புல்-அப் ரெசிஸ்டர் வைக்காமல் பெட்டி சிக்னலைப் பார்க்காது. டெட் டைம் திருத்தம் இதற்கும் வேண்டும்.

## வழி 5: தனி ஈசியூ

தொழிற்சாலை ஈசியூவுக்குப் பதிலாகப் போடும் மெகாஸ்குவர்ட், ஸ்பீடுவினோ போன்றவை. இவற்றில் டெட் டைம், இன்ஜெக்டர் அளவு எல்லாம் லேப்டாப்பில் எண்ணைத் தட்டினால் மாறும். மெகாஸ்குவர்ட்டின் பதிப்பு 3.0 பலகை குறைந்த மின்தடை இன்ஜெக்டரையும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தி இயக்கும். ஸ்பீடுவினோ உயர் மின்தடைக்கே செய்யப்பட்டது. குறைந்த மின்தடை போட்டால் அதற்கும் ரெசிஸ்டர் வேண்டும்.

பலகையின் விலை சிறியது. அதைச் சுற்றி காற்று-எரிபொருள் விகிதத்தை அளக்கும் வைட்பேண்ட் சென்சார், புதிய வயரிங், கோயம்புத்தூரிலோ சென்னையிலோ வண்டியின் திறனை அளக்கும் டைனோவில் நேரம் என்று செலவு வளரும். நம்மூரில் குளிர் ஸ்டார்ட் பெரிய பிரச்சினை இல்லை. மதியம் வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டுச் சூடான இன்ஜினைத் திரும்ப ஸ்டார்ட் செய்வதுதான் நம் ஊர்ச் சோதனை. காற்றின் வெப்பச் சென்சார் சூடேறிக் கிடப்பதால் ஈசியூ பெட்ரோலைக் குறைக்கும், வண்டி திணறும். அதைச் சரிசெய்ய ஒரு கோடைகாலம் முழுக்க வண்டியோடு உட்கார மனம் இருந்தால் இந்த வழிக்கு வாருங்கள். டர்போ போடும் திட்டம் இருந்தால் இங்கேயே நேராக வந்துவிடுவது மேல்.

## பட்டியலாகப் பார்த்தால்

| வழி | ஐடில் | சூடு சேரும் இடம் | பழையபடி மாற்றலாமா | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| அதே மின்தடை இன்ஜெக்டர் | நன்று | இல்லை | ஆம் | கனெக்டர், ஓ-ரிங் |
| தொடர் ரெசிஸ்டர் | சுமார், பெரிய இன்ஜெக்டரில் மோசம் | கிரில் பக்கம் | ஆம் | டெட் டைம் திருத்தம் |
| ஈசியூவுக்குள் டிரைவர் | டெட் டைம் திருத்தினால் நன்று | ஈசியூவுக்குள் | கடினம் | உபரி ஈசியூ, நல்ல கை |
| வெளிப் பெட்டி | டெட் டைம் திருத்தினால் நன்று | வெளியே | ஆம் | வயரிங், டெட் டைம் திருத்தம் |
| தனி ஈசியூ | டியூனிங்கைப் பொறுத்தது | பலகையைப் பொறுத்தது | பாதி | வைட்பேண்ட், டைனோ, பொறுமை |

## யாருக்கு எது?

வண்டி நிறைய நாள் நின்று, பழைய இன்ஜெக்டர் அடைத்துப்போனவருக்கு: முதலில் அல்ட்ராசோனிக் கழுவல் செய்து பாய்ச்சலை அளந்து பாருங்கள். நாலும் சமமாக வந்தால் மாற்ற வேண்டியதே இல்லை. வராவிட்டால் வழி 1.

கையில் குறைந்த மின்தடை இன்ஜெக்டர் இருக்கிறது, அளவும் இன்ஜினுக்குப் பொருந்துகிறது, வண்டி பிள்ளையார்பட்டிக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் போகிறது: வழி 2. டிரைவர் ஒரு இன்ஜெக்டரை மட்டும் இயக்குகிறதா என்று உறுதிசெய்த பிறகு.

ஈசியூவைத் திறக்கும் வழி 3 ஒரே ஒருவருக்குச் சரி: பந்தயத்துக்கு வண்டி வைத்திருப்பவர், பழைய ஈசியூவை மாற்றக் கூடாது என்ற விதியில் ஓட்டுபவர், உபரி ஈசியூவும் ஆஸிலோஸ்கோப்பும் வைத்திருப்பவர். விதி அனுமதித்தால் அவருக்கும் வழி 4 இன்னும் நல்லது.

இதற்கு நேர் எதிரான கேள்வியும் வருகிறது: தொழிற்சாலையிலேயே ரெசிஸ்டர் பேக்கோடு குறைந்த மின்தடை இன்ஜெக்டர் வந்த காரில், புதிய 14 ஓம் இன்ஜெக்டர் போடலாமா? தாராளமாகப் போடலாம், ஆனால் ரெசிஸ்டர் பேக்கைக் கழற்றி, அதன் இடத்தில் நேர் வயர் இணையுங்கள். இல்லாவிட்டால் 14 ஓமும் 6.8 ஓமும் சேர்ந்து மின்னோட்டம் 0.67 ஆம்பியருக்கு இறங்கி ஊசி சோம்பலாகத் திறக்கும். ஈசியூவே பீக் அண்ட் ஹோல்டு வகையாக இருந்தாலும் பெரும்பாலும் கவலை இல்லை. 4 ஆம்பியரைத் தொடவே முடியாததால் அது சாதாரண டிரைவர் போலவே நடந்துகொள்ளும்.

எந்த வழியானாலும் முதல் ஸ்டார்ட்டுக்கு முன் இதைச் செய்யுங்கள்: மல்டிமீட்டரை 200 ஓமில் வைத்து, முதலில் இரண்டு புரோபையும் ஒன்றோடொன்று தொட்டு வரும் எண்ணைக் குறித்துக்கொண்டு, நாலு இன்ஜெக்டரையும் தனித்தனியாக அளந்து அந்த எண்ணைக் கழியுங்கள். 2 ஓமை அளக்கும்போது புரோப் வயரின் 0.3 ஓமும் கணக்கைக் கெடுக்கும். அப்புறம் இக்னிஷனை ஆன் செய்து, இன்ஜினைச் சுற்றாமல் ஐந்து நிமிடம் விட்டு, ரெசிஸ்டரையும் டிரைவர் பெட்டியையும் கையால் தொட்டுப் பாருங்கள். இன்ஜின் ஓடாதபோது அவை சூடேறினால் ஏதோ ஒரு டிரைவர் தரையோடு ஒட்டி நிற்கிறது, அந்த இன்ஜெக்டர் திறந்தே கிடக்கிறது. அந்த நிலையில் ஸ்டார்ட்டரைத் தொடாமல் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, ஸ்பார்க் பிளக்குகளை எடுத்துச் சிலிண்டருக்குள் பெட்ரோல் நிற்கிறதா என்று பாருங்கள்.